மாடியில் சூரிய மின்சாரம்: மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"மாடியில் சோலார் போட்டால் அரசாங்கம் எழுபத்தெட்டாயிரம் தருகிறதாமே, போடலாமா?" பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து கலையும் நேரத்தில் இப்போது பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. வங்கிப் படிவம், வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் என்று எதுவானாலும் கிராமத்தில் முதலில் கேட்கப்படுபவர் ஆசிரியர்தான். ஆகவே இந்தக் கேள்விக்கும் நாம் தெளிவாக விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் சொந்த வீட்டுக்கும் இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

மானியம் உண்மை. அதைப் பெறும் வழியும் கடினமானதல்ல. ஆனால் மானியத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், சில குடும்பங்கள் தேவையில்லாத கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ள நேரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், மற்ற மாநிலங்களுக்குப் பொருந்தும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. எனவே விண்ணப்பத்துக்கு முன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கையும் விண்ணப்பிக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டம் தருவது என்ன?

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடுகள் அமைப்பது இதன் இலக்கு. இதற்காக மத்திய அமைச்சரவை ரூ.75,021 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது.

மானியக் கணக்கு எளிது. முதல் 2 கிலோவாட் வரை, ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் அமைத்தாலும் கூடுதல் மானியம் இல்லை. ஆக,

1 கிலோவாட்: ரூ.30,000
2 கிலோவாட்: ரூ.60,000
3 கிலோவாட்டும் அதற்கு மேலும்: ரூ.78,000

இது வீடுகளுக்கான மானியம். கடைக்கோ, தொழிற்கூடத்துக்கோ, பள்ளிக் கட்டடத்துக்கோ இந்த மானியம் கிடையாது. "நம் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்கு அமைத்தால் கிலோவாட்டுக்கு ரூ.18,000 என்ற தனி விகிதம் உண்டு.

விண்ணப்பிப்பவருக்குச் சூரியத் தகடு வைக்கத் தக்க கூரையுள்ள சொந்த வீடு இருக்க வேண்டும். நடப்பில் உள்ள மின் இணைப்பு இருக்க வேண்டும். இதற்கு முன் சூரியத் தகட்டுக்கு வேறு மானியம் பெற்றிருக்கக் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இத்திட்டத்தால் நேரடிப் பயன் இல்லை. நம் மாணவர்களின் பெற்றோரில் வாடகைக்குக் குடியிருப்போர் பலர் என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிலோவாட்டும் யூனிட்டும்

ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் நம் மாநிலத்து வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்பதால், 60 நாளுக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் இது கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். நாம் எடுத்துக்கொள்வது ஆண்டுச் சராசரி.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், தென்னை மரம் ஆகியவற்றின் நிழல் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை எங்கே விழுகிறது என்று ஒரு நாள் மாடியில் நின்று பார்த்துவிட வேண்டும். ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல்கூட உற்பத்தியைக் கணிசமாகக் குறைக்கும்.

பகலில் தகடுகள் தரும் மின்சாரத்தை முதலில் வீடு பயன்படுத்தும். மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகும். இரவில் நாம் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்வோம். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் தனித்தனியே பதிவு செய்யும். வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மீதி யூனிட்டுக்கே பில் வரும். இதற்குப் பெயர் நிகர அளவீடு. ஒரு கணக்கெடுப்பில் மிஞ்சியது அடுத்த கணக்கெடுப்பில் வரவு வைக்கப்படும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டின் முடிவில் கணக்கு முடிக்கப்படும். அப்போது மிச்சமிருக்கும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலைக்கு ஈடான விலை கிடைக்காது. ஆகவே "மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம்" என்று பெரிய அளவில் அமைப்பது வீட்டுக்குப் பொருந்தாத யோசனை.

முதலில் மின் கட்டண அட்டை

இனி கணக்குக்கு வருவோம். கடந்த ஓராண்டின் ஆறு கணக்கெடுப்புகளையும் அட்டையிலிருந்தோ, மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலிருந்தோ எடுத்துக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதப் பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

நம் மாநிலத்தில் 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்கு அடுக்காக விலை ஏறுகிறது. 200, 400, 500 என்று ஒவ்வோர் எல்லையிலும் விலை மாறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். அதனால்தான் 490 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 520 யூனிட் ஓடிய வீட்டுக்கும் பில்லில் அத்தனை வேறுபாடு.

சூரியத் தகடு நம் பில்லை மேலிருந்து கீழாகக் குறைக்கிறது. முதலில் குறைவது விலை உயர்ந்த அடுக்கு. அதன்பின் நடு அடுக்கு. கடைசியில் எஞ்சுவது இலவச 100 யூனிட். அதைச் சூரியன் தந்தாலும் நமக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. ஏற்கெனவே அது இலவசம்தானே! தமிழ்நாட்டில் கணக்கு மாறுபடுவது இந்த இடத்தில்தான்.

மூன்று வீடுகள், மூன்று கணக்குகள்

கீழே வருபவை மாதிரிக் கணக்குகள். எல்லாச் செலவும் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கு ரூ.65,000 என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். பில் தொகைகளும் தோராயமானவை. உங்கள் ஊரில் கிடைக்கும் விலையையும் உங்கள் அட்டையில் உள்ள தொகையையும் இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் வீடு: இரு மாதத்துக்கு 180 யூனிட். இரண்டு மின்விசிறி, விளக்குகள், தொலைக்காட்சி, சிறிய குளிர்சாதனப் பெட்டி. 100 யூனிட் போக, 80 யூனிட்டுக்கே பணம் கட்டுகிறார்கள். பில் ரூ.200-ஐ ஒட்டி வரும். ஆண்டுக்கு ரூ.1,200. ஒரு கிலோவாட் அமைக்க ரூ.65,000. மானியம் ரூ.30,000 போனால் கைக்காசு ரூ.35,000. பில் முழுவதும் மிச்சமானாலும் போட்ட பணம் திரும்ப 29 ஆண்டு ஆகும். தகடுகளுக்கு நிறுவனங்கள் தரும் உற்பத்தி உத்தரவாதமே 25 ஆண்டுதான். இந்த வீட்டுக்குச் சூரியத் தகடு தேவையில்லை. மானியம் கிடைக்கிறது என்பதற்காக இவர்கள் கடன் வாங்கினால், அது நட்டம்தான்.

இரண்டாம் வீடு: 400 யூனிட். பில் சுமார் ரூ.1,200. ஒரு கிலோவாட் அமைத்தால் 240 யூனிட் குறைந்து 160 ஆகும். அதில் 100 இலவசம். பில் ரூ.150 அளவுக்கு இறங்கும். ஒரு பில்லுக்கு ரூ.1,050 வீதம் ஆண்டுக்கு ரூ.6,300 மிச்சம். கைக்காசு ரூ.35,000, ஐந்தரை ஆண்டில் திரும்பிவிடும். நல்ல கணக்கு.

அதே வீட்டில் 2 கிலோவாட் அமைத்தால்? உற்பத்தி 480 யூனிட், தேவையோ 400 யூனிட். பில் பூஜ்யம். ஆண்டு மிச்சம் ரூ.7,200. கைக்காசு ரூ.70,000. அதாவது இரண்டாவது கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போட்ட ரூ.35,000, ஆண்டுக்கு ரூ.900 மட்டுமே கூடுதலாகத் தருகிறது. அது திரும்ப ஏறத்தாழ 39 ஆண்டு ஆகும்! "பில்லே வராது" என்ற விளம்பரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

மூன்றாம் வீடு: 700 யூனிட். குளிர்சாதன வசதி, நீர் மோட்டார் எல்லாம் உண்டு. பில் சுமார் ரூ.3,900. இரண்டு கிலோவாட் அமைத்தால் 480 யூனிட் குறைந்து 220 ஆகும். பில் ரூ.350 அளவுக்கு இறங்கும். ஆண்டு மிச்சம் ரூ.21,300. கைக்காசு ரூ.70,000. மூன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பும். உற்பத்திக் குறைவு, பராமரிப்பு என்று கழித்து ஆண்டுக்கு ரூ.15,000 என்று வைத்தாலும் ஐந்து ஆண்டுக்குள் முடிந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் கூடுதல் செலவு ரூ.65,000, கூடுதல் மானியம் ரூ.18,000, கைக்காசு ரூ.47,000. கூடுதல் மிச்சமோ ஆண்டுக்கு ரூ.2,100 மட்டும்.

திட்டத்தின் வழிகாட்டி அட்டவணை, மாதம் 150 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட், 150 முதல் 300 யூனிட் வரை 2 முதல் 3 கிலோவாட், 300 யூனிட்டுக்கு மேல் 3 கிலோவாட்டுக்கு மேல் என்று கூறுகிறது. அது நாடு முழுமைக்குமான அட்டவணை. நம் இலவச 100 யூனிட்டையும் அடுக்கு விலையையும் சேர்த்துப் பார்த்தால், அட்டவணை சொல்வதைவிடச் சற்றுச் சிறிய அமைப்பே பல வீடுகளுக்குப் போதும். அடுத்த ஆண்டு குளிர்சாதனமோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், அதற்கான யூனிட்டையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மின்கம்பியைப் பயன்படுத்துவதற்கான வலையமைப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. உங்கள் இணைப்புக்கு அது பொருந்துமா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, ஆண்டு மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கணக்குச் சாதகமாக வந்தால் அடுத்த வேலை ஆவணங்கள். இதில் பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். மின் இணைப்பு காலமான தந்தையின் பெயரிலோ, வீட்டை விற்ற பழைய உரிமையாளரின் பெயரிலோ பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கட்டணம் ஒழுங்காகக் கட்டும் வரை யாரும் கேட்பதில்லை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறோம். மானியம் மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரைச் சேரும். எனவே இணைப்பின் பெயர், ஆதாரில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒரே ஆளைக் குறிக்க வேண்டும்.

பெயர் மாற்றம் தேவைப்பட்டால் அதை முதலில் முடித்துவிட வேண்டும். சொத்து ஆவணம், சொத்து வரி ரசீது, உரிமையாளர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் இசைவு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், தகடு வாங்குவதைவிட இதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அதோடு மின் கட்டண நிலுவை எதுவும் இருக்கக் கூடாது. அண்மைக்காலக் கட்டண ரசீது ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டு வீடு, கல்நார்க் கூரை வீடு என்றால் கூரை எடையைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் படிகள்

விண்ணப்பம் முழுவதும் மத்திய அரசின் பிஎம் சூர்யகர் தேசிய இணையதளம் வழியாகவே நடைபெறுகிறது. அதே பெயரைப் போன்ற போலித் தளங்கள் உண்டு. முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. "பதிவுக் கட்டணம்" என்று கைபேசியில் யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

1. மாநிலம், மின் பகிர்மானக் கழகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, மின் இணைப்பு எண், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுக்க வேண்டும். விற்பனையாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் செய்திகள் எல்லாம் அவருக்கே போகும்.

2. உள்நுழைந்து, எத்தனை கிலோவாட் என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான முழுமையான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. அவை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

3. ஒப்புதல் வந்தபின், தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் அமைத்தால் மானியம் இல்லை. குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட வேண்டும்.

4. தகடுகள் அமைக்கப்பட்ட பின் அவற்றின் விவரங்களைத் தளத்தில் பதிவேற்றி, நிகர அளவீட்டு மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

5. மின்வாரிய அலுவலர் வந்து சோதித்து மீட்டரைப் பொருத்துவார். அதன்பின் தளத்தில் இயக்கச் சான்று உருவாகும்.

6. சான்று கிடைத்ததும், வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்யப்பட்ட காசோலையின் படத்தையும் பதிவேற்ற வேண்டும். 30 நாளுக்குள் மானியம் கணக்கில் வரவாகும் என்பது திட்டத்தின் விதி.

ஆறாவது படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீட்டர் பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் மானியம் தானாக வராது.

கையெழுத்திடும் முன்

மானியம் கடைசியில்தான் வரும். அதுவரை முழுத் தொகையையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். "மானியம் போக மீதியை மட்டும் கொடுங்கள்" என்று நிறுவனத்தார் சொன்னால், மானியம் தாமதமானால் அந்தத் தொகையை யார் தாங்குவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ, ஓடிபி எண்ணையோ எவரிடமும் கொடுக்கக் கூடாது.

3 கிலோவாட் வரையிலான அமைப்புக்குப் பொதுத்துறை வங்கிகள் அடமானமின்றி ரூ.2 லட்சம் வரை கடன் தருகின்றன. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டி மாறும். கடன் வாங்குவோர் ஒன்றை மட்டும் ஒப்பிட வேண்டும்: மாதத் தவணை எவ்வளவு, மாதம் மிச்சமாகும் மின் கட்டணம் எவ்வளவு? தவணை அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் ஒவ்வொரு மாதமும் குடும்பச் செலவிலிருந்துதான் போகும். மானியம் வந்ததும் அதைக் கடனில் கட்டிவிடுவது நல்லது. வேறு செலவுக்கு எடுத்தால் கடனின் காலம் நீளும்.

ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, தகடுகளும் அவற்றின் உள்ளிருக்கும் மின்கலங்களும் இந்தியாவில் தயாரானவை என்ற உறுதி. அது இல்லாவிட்டால் மானியம் கிடைக்காது. இரண்டு, தகடுக்கும் இன்வெர்ட்டருக்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பது. மூன்று, ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்பது. நான்கு, தாங்குசட்டம் எந்த அளவு காற்றைத் தாங்கும் என்பது. 2018-இல் கஜா புயலைக் கண்ட டெல்டா மாவட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விலைப்புள்ளியில் வரியையும் பார்க்க வேண்டும். சூரிய மின் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது.

கரண்ட் போனால் இதுவும் நிற்கும்

"சோலார் இருந்தால் மின்தடையிலும் விளக்கு எரியும்" என்று பலர் நம்புகிறார்கள். இத்திட்டத்தில் பொதுவாக அமைக்கப்படுவது, தெருக் கம்பியோடு இணைந்து இயங்கும் வகை. கம்பியில் மின்சாரம் நின்றால் இதுவும் உடனே நின்றுவிடும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மின்தடையின்போது கம்பத்தில் ஏறி வேலை செய்யும் பணியாளருக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். மின்தடையிலும் மின்சாரம் வேண்டுமென்றால் மின்கலத்தோடு கூடிய அமைப்பு வேண்டும். அதன் விலை அதிகம். மின்கலத்துக்கென்று தனி மானியம் இல்லை.

தகடுகளில் தூசியும் பறவை எச்சமும் படிந்தால் உற்பத்தி குறையும். இரு வாரத்துக்கு ஒருமுறை காலையிலோ மாலையிலோ தகடு சூடில்லாத வேளையில் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். மாடிக்குப் போகப் பாதுகாப்பான படிக்கட்டு இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் இந்தக் கணக்கு

எட்டாம் வகுப்பின் வாழ்வியல் கணிதத்தில் சதவீதமும் வட்டியும் வருகின்றன. மேலே உள்ள மூன்று வீடுகளின் கணக்கு அதற்கு ஏற்ற செயல்பாடு. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வீட்டைக் கொடுக்கலாம். "இந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட்? போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? ஒரு கிலோவாட் கூட்டினால் என்ன ஆகும்?" என்று மூன்று கேள்விகள் போதும். மொத்தச் செலவையும் மொத்த மிச்சத்தையும் மட்டும் பார்ப்பதற்கும், கடைசியாகச் சேர்த்த ஒரு கிலோவாட்டின் செலவையும் மிச்சத்தையும் தனியே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாமே கண்டறிவார்கள். அறிவியல் பாடவேளையில் மாடிக்கோ மைதானத்துக்கோ அழைத்துச் சென்று, ஒரு குச்சியின் நிழல் மணிக்கு மணி எப்படி நகர்கிறது என்று குறிக்கச் செய்யலாம். தகடு ஏன் தெற்கு நோக்க வேண்டும் என்பது அதிலேயே விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. வீட்டு மின் கட்டண அட்டையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். எந்த வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது, எந்த வீடு குடிசை மின் இணைப்பில் இருக்கிறது, எந்த வீட்டில் வாடகையோடு கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும். கற்பனை வீடுகளின் எண்களே போதும். கணக்கைக் கற்ற மாணவர் வீட்டுக்குப் போய்த் தன் அட்டையை எடுத்துத் தானே போட்டுப் பார்ப்பார். அதைத் தடுக்க வேண்டியதில்லை!

ஆசிரியர்களாகிய நமக்கும் ஓர் எல்லை உண்டு. எந்த நிறுவனத்தில் வாங்க வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கக் கூடாது. பெற்றோரின் கைபேசியில் நாமே பதிவு செய்து தருவதைவிட, அவர்கள் செய்யும்போது அருகில் இருந்து படித்துக் காட்டுவது நல்லது. அட்டையைக் கொண்டுவரும் பெற்றோருடன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஆறு பில்லைக் கூட்டி, ஆறால் வகுத்துக் காட்டினால் போதும். 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு அந்த ஐந்து நிமிடம் ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். 180 யூனிட் ஓடும் வீட்டுக்கு, வாங்க வேண்டாத ஒரு கடனைத் தவிர்க்கும்.